கார்சிரா பேசினில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கூடத்தில் போன் ஓயாது. சம்பா நட்டவர்கள் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குருத்துப்பூச்சிக்கும் டிரைக்கோகிரம்மா அட்டை கேட்பார்கள். டிரைக்கோகிரம்மா என்பது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் சின்னக் குளவி. கார்சிரா என்ற அரிசி அந்துப்பூச்சியைப் பேசினில் கம்புத் தீனி போட்டு வளர்த்து, அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, அதில் குளவியை முட்டையிடவிட்டுக் கொடுக்கிறோம். அதே நேரம் மன்னார்குடிப் பக்கமும் பாபநாசம் பக்கமும் சிறிய அளவில் அட்டை தயாரிக்கும் குழுக்களிலிருந்து, "அண்ணே, அந்து வரல", "முட்டை பத்தல" என்று கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாக அதே ஏழெட்டுக் கேள்விகள். போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்: முதலில் செலவில்லாமல் பார்க்கக்கூடியது, செலவு வைப்பது கடைசியில்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். முட்டைக்கு வேண்டிய சத்தை கார்சிரா புழுவாக இருக்கும்போதே தின்று சேர்த்துக்கொள்கிறது. அந்து ஆன பிறகு தேன் கொடுத்தால் ஓரிரு நாள் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். புழுவுக்குக் கிடைக்காமல் போனதைத் தேன் ஈடுகட்டாது. அதனால் இன்று கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் 40, 45 நாளுக்கு முன் தீனி கலந்த அன்றே நடந்து முடிந்தது. பேசினில் ஒட்டிய சீட்டில் தேதி, கம்பு வந்த இடம், கலந்தவர் பெயர், போட்ட முட்டையின் அளவு ஆகிய நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீட்டு ஒட்டாதவர்கள் இன்றைக்கே ஒட்டத் தொடங்குங்கள்.

## ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல பேசின்

ஒரு பேசினுக்கு இரண்டு மூன்று துண்டாக உடைத்த கம்பு 2.5 கிலோ, நிலக்கடலைப் பருப்புப் பொடி 100 கிராம், ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகத் தூள் 5 கிராம். கம்பை 100 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, நன்றாக ஆறவிட்ட பிறகுதான் மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். 0.05 சதவீத ஸ்ட்ரெப்டோமைசின் கரைசலை லேசாகத் தெளித்து, முட்டை 0.5 சிசி தூவி, வாயைக் காடாத் துணியால் கட்டிவிடுங்கள். ஒரு சிசியில் 18,000 முதல் 20,000 முட்டை வரை இருக்கும். அறை வெப்பம் 26 முதல் 30 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம்.

இப்படி வைத்த பேசினில் மூன்று நான்கு நாளில் முட்டை பொரியும். பத்து நாளில் மேல்பரப்பில் மெல்லிய நூல் தெரியும். ஒரு மாதத்தில் கம்பு முழுவதும் நூலாம்படையில் கோத்துக் கட்டியாகிவிடும். 35 முதல் 40 நாளுக்குள் முதல் அந்து வரும். இந்தக் கணக்கிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்த்து, அதற்கான தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: பத்து நாள் ஆகியும் நூலே இல்லை

முதல் சந்தேகம் முட்டை மாறிப்போனது. டிரைக்கோகிரம்மாவுக்குக் கொடுக்கும் முட்டையைப் புற ஊதா விளக்கின் கீழ் அரை மணி நேரம் வைத்துக் கருவைக் கொன்றுவிடுகிறோம். அந்த முட்டையும் பேசினுக்குப் போக வேண்டிய முட்டையும் ஒரே மாதிரிக் கிண்ணத்தில் இருந்தால், அவசரத்தில் கை மாறும். இரண்டுக்கும் வேறு நிறக் கிண்ணம் வையுங்கள். இந்தக் கோளாறில் நான் பார்த்தவற்றில் பாதிக்கு இதுதான் காரணம்.

அது இல்லையென்றால் கம்பு ஆறுவதற்குள் முட்டை போட்டார்களா என்று கேளுங்கள். மேலே கை வைத்தால் ஆறியது போலிருக்கும், நடுவில் சூடு நிற்கும். அடுத்தது எறும்பு. பேசின் வைத்திருக்கும் அலமாரியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றனவா, அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்.

### முட்டை பொரிக்கிறதா என்று சோதிக்க

கறுப்புத் தாளில் 100 முட்டையை எண்ணி வைத்து, ஒரு மூடிய டப்பாவில் ஐந்து நாள் விடுங்கள். பொரித்த முட்டை வெறும் கண்ணாடித் தோலாக இருக்கும். பொரிக்காதது சுருங்கிக் கிடக்கும். பெரும்பகுதி பொரித்திருந்தால் முட்டையில் குற்றம் இல்லை, தீனியைப் பார்க்க வேண்டும். பாதிகூடப் பொரிக்கவில்லை என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

### முட்டை பொரிக்கிறது, புழு பிழைக்கவில்லை

கம்பில் மருந்து இருக்கலாம். கிடங்கில் அந்துக்கும் வண்டுக்கும் அடித்த பூச்சிமருந்தை நம் அந்து மட்டும் தாங்குமா? சந்தேகமான கம்பில் 50 கிராம், நம்பிக்கையான பழைய கம்பில் 50 கிராம், இரண்டு கிண்ணம். ஒவ்வொன்றிலும் அன்று பொரித்த 50 புழுவை விடுங்கள். ஒரு வாரத்தில் விடை கிடைக்கும். புது மூட்டை வரும் ஒவ்வொரு முறையும் நாங்கள் இதைச் செய்கிறோம். ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றரை மாத உழைப்பு தப்புகிறது. மருந்து இருப்பது உறுதியானால் அந்த மூட்டையைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த நினைக்காதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் இயற்கை இடுபொருள் மையங்களில் மட்டும் வரும். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பாக்டீரியா) தூளும் பிவேரியா (பூஞ்சை) தூளும் அதே கூடத்தில் இருக்கும். இரண்டும் வயலில் புழுவைக் கொல்வதற்காகவே செய்தவை, பேசினில் இருப்பது வளர்ப்புப் புழு என்று அவற்றுக்குத் தெரியாது. எங்கள் கூடத்தில் ஒரு முறை தூள் அளந்த அதே குவளையில் கம்பை அளந்துவிட்டார்கள். பதினெட்டு பேசின் போனது. அன்றிலிருந்து அந்தத் தூள் மூட்டைகள் வேறு கட்டடத்தில் இருக்கின்றன.

## அறிகுறி 2: புழு இருக்கிறது, வளரவில்லை, 45 நாள் தாண்டியும் அந்து இல்லை

இதற்குத்தான் அதிகமாகக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் வெப்பமானி. மார்கழி, தை மாதங்களில் நம் பக்கம் இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். ஓட்டுக் கூடத்தில் வாரக்கணக்கில் தாமதமாவது இயல்பு. ஜன்னலுக்குச் சாக்குத் திரை கட்டி, பேசின்களைத் தரையிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வெப்பம் சரியாக இருந்தும் தாமதம் என்றால் தீனிதான்.

### கம்பு எப்படி உடைந்திருக்கிறது?

ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். முழு மணி நிறைய இருந்தால் பிறந்த புழுவால் கடித்து நுழைய முடியாது. மேலே கிடக்கும் தூளைத் தின்று பாதி வளர்ந்து நிற்கும். மாவாகப் போயிருந்தால் வேறு தொல்லை: காற்று போகாமல் அமுங்கி, நடுவில் சூடேறும். ஒவ்வொரு மணியும் இரண்டு மூன்று துண்டு என்பதுதான் பதம். மில்லில் நின்று சொல்லி உடைத்து வாங்குங்கள்.

### கம்பை வறுத்தீர்களா?

ஓவன் இல்லாத இடங்களில் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். சூடானால் போதும்; வாசனை வரும்வரை வறுத்தால் பி வைட்டமின் போய்விடும், புரதமும் புழுவுக்கு உதவாத நிலைக்கு மாறும். நிலக்கடலையையும் ஈஸ்ட்டையும் கம்போடு சேர்த்துச் சூடாக்குவதும் இதே தவறுதான். ஆறிய பிறகு சேருங்கள்.

### கம்புக்குப் பதில் குருணையா?

"அண்ணே, கம்பு வெளியூர்லேந்து வரணும், விலை ஏறிப்போச்சு. மில்லு வாசல்ல குருணை மூட்டை மூட்டையாக் கெடக்கு. அத போட்டா என்ன?" நெல் விளையும் ஊரில் இந்தக் கேள்வி வராமலா இருக்கும்? அரிசி அந்துப்பூச்சி என்று பெயரிலேயே அரிசி இருக்கிறதே என்பார்கள்.

வளரும், ஆனால் பின்தங்கும். தீட்டிய அரிசியில் மாவுச்சத்து மட்டும் தங்குகிறது. எண்ணெயும் பி வைட்டமினும் தவிட்டோடு போய்விடுகின்றன. புழுங்கல் அரிசிக் குருணையில் சத்து கொஞ்சம் கூடத் தங்கும், ஆனால் மணி கெட்டி. தவிட்டைச் சேர்த்தால் சத்து வரும், ஆனால் தவிடு சீக்கிரம் காறும், அதோடு தூளாக அடைத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லாத சமயத்தில் நாங்கள் கம்பும் குருணையும் பாதிக்குப் பாதி போட்டு, நிலக்கடலையையும் ஈஸ்ட்டையும் குறைக்காமல் ஓட்டியிருக்கிறோம். அந்து ஒரு வாரத்துக்கு மேல் தள்ளி வந்தது, உருவமும் சற்றுச் சிறியது. சம்பா அட்டைக்கு ஒரு வாரம் பெரிய விஷயம். நட்ட 37, 44, 51-ம் நாட்களில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒட்டுண்ணி விட வேண்டும். அந்த நாள் நமக்காகக் காத்திருக்காது. புரட்டாசி முதல் வாரம் நட்ட வயலுக்கு அட்டை கொடுக்க வேண்டுமானால் ஆவணி முடிவதற்குள் பேசின் வைத்திருக்க வேண்டும். குருணை கலந்தால் இன்னும் முன்னாடியே.

### ஈஸ்ட்டும் கடலையும் உண்மையில் விழுந்ததா?

வருத்தத்தோடு சொல்கிறேன், இவை இரண்டும்தான் செலவு மிச்சம் பிடிக்க முதலில் கைவைக்கும் பொருட்கள். சீட்டைப் பாருங்கள், கலந்தவரிடம் கேளுங்கள், குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்து, மூன்று தொகுதி தொடர்ந்து 50 நாளைத் தாண்டினால் புழுவுக்கு நோய் இருக்கலாம். மெதுவாகத் தின்று, வளராமல், சாகாமலும் இருக்கும் புழுவில் வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் நோய் சாத்தியம். அதை நுண்ணோக்கி இல்லாமல் சொல்ல முடியாது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உயிருள்ள புழு இருபதும் அந்தத் தீனியில் ஒரு பிடியும் எடுத்துப் போங்கள்.

## அறிகுறி 3: அந்து வருகிறது, ஆனால் சின்னது, முட்டை குறைவு

கண்ணுக்கு எண்ணிக்கை நிறையத் தெரிவதால் இது பல வாரம் கவனத்துக்கு வராமல் போகிறது. அந்தை எண்ணாதீர்கள், முட்டையை அளங்கள். நூறு பெண் அந்துக்கு நான்கு நாளில் எத்தனை சிசி கிடைத்தது என்று வாரம் ஒரு முறை எழுதி வந்தால் சரிவு உடனே தெரியும். முட்டையில் பெரும்பங்கை முதல் சில நாட்களிலேயே இட்டுவிடும், அதனால் நான்கு நாள் கணக்குப் போதும். பெண்ணுக்கு முகத்தின் முன்னால் கூர்மையாக நீண்ட உதட்டு உணரி (வாய்ப்பகுதியின் நீட்சி) மூக்குப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு அது குட்டை. இரண்டு நாள் பழகினால் கை தானாகப் பிரிக்கும்.

முதல் காரணம் நெரிசல். 0.5 சிசிக்கு இவ்வளவு வந்தால் ஒரு சிசிக்கு இரட்டிப்பாக வரும் என்று போடுகிறார்கள். 2.5 கிலோவில் இருப்பது அதே தீனிதான். பங்கு குறையும்போது சில புழு சாகும், மீதி அரை வயிற்றோடு கூடு கட்டும். அரை வயிற்றுப் புழு சின்ன அந்தாகும், சின்ன அந்தின் முட்டையும் குறைவு. டிரைக்கோகிரம்மா சின்ன முட்டையில் பெண் குளவியைக் குறைவாகவும் ஆணை அதிகமாகவும் இடும் பழக்கம் உள்ளது. வயலில் முட்டையைத் தேடிப்போய்க் குத்துவது பெண் குளவிதான். ஆக, பேசினில் செய்த சிக்கனம் கடைசியில் விவசாயியின் வயலில் போய் நிற்கிறது. அட்டை கறுத்திருந்தது (குளவி ஏறிய முட்டை கறுக்கும்), நாளும் தவறவில்லை, வேலை மட்டும் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை சிசி போட்டீர்கள் என்பதுதான்.

நெரிசல் இல்லையென்றால் கம்பை முகர்ந்து பாருங்கள். உடைத்த கம்பில் எண்ணெய் அதிகம், ஒரு வாரம் பத்து நாளில் காறல் வாடை வரும். ஒரு துண்டை வாயில் போட்டால் கசக்கும். மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக உடைத்து அடுக்குவது இங்கேதான் தவறுகிறது. முழுக் கம்பாகச் சேமித்து, வேண்டும்போது உடையுங்கள். நிலக்கடலைப் பொடிக்கும் இதே சோதனை. பச்சைப் பூஞ்சணம் பட்ட கடலை விலை குறைவாகக் கிடைக்கும். அதைப் புழுவுக்கும் போடக் கூடாது.

பழைய பேசின் தீனியைச் சலித்துப் புதிதோடு கலப்பதும் ஒரு காரணம். அதில் மிஞ்சியிருப்பது உமியும் கழிவும் நோயும் மட்டுமே.

தீனி சரி, அளவும் சரி, ஆனாலும் தலைமுறைக்குத் தலைமுறை முட்டை குறைகிறது என்றால் வளர்ப்பு வம்சம் தேய்ந்திருக்கிறது. ஒரே கூடத்துக்குள் பல வருடம் இனப்பெருக்கம் செய்தால் இது வரும். வேறு கூடத்திலிருந்தோ, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்திலிருந்தோ புதிய தாய் வளர்ப்பு வாங்கும் நேரம் அது. வந்ததைப் பழையதோடு உடனே கலக்காமல் ஒரு தலைமுறை தனி அறையில் வளர்த்துப் பாருங்கள்.

## அறிகுறி 4: இறக்கை விரியாத, சுருண்ட, செதிலில்லாத அந்து

பேசினுக்கு ஒன்றிரண்டு என்றால் விடுங்கள். பத்துக்கு ஒன்று வந்தால் கடலையைப் பாருங்கள். நிலக்கடலை எண்ணெயில் லினோலியிக் அமிலம் உண்டு. அந்துப்பூச்சி இனங்கள் பலவும் கூட்டிலிருந்து முழுதாக வெளிவரவும் இறக்கை விரியவும் இது போன்ற கொழுப்பு அமிலம் தேவை. கடலையைக் குறைத்தாலும், காறிய கடலையைப் போட்டாலும், எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கை அதற்குப் பதிலாகப் போட்டாலும் பாதிப்பு கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். அதுவரை புழு நன்றாக வளர்வது போலவே இருக்கும்.

கடலை சரியென்றால் காற்றின் ஈரம். சித்திரை வெயிலில் அறை வறண்டு கூடு காய்ந்துபோனாலும் இப்படியே வெளிவரும். அறையில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். பேசின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள்.

## அறிகுறி 5: முட்டை நிறைய, பொரிப்பு குறைவு

முட்டையிடும் டிரம்மில் ஆணும் பெண்ணும் சேர்ந்து போகிறதா பாருங்கள். கைவேகத்தில் பெரிய அந்தாகப் பொறுக்கினால் பெண் மட்டுமே சேரும். அடுத்தது வெப்பம்: கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் பேசின் இருந்தால் ஆண் அந்து மலடாகும். டிரம்மில் வைக்கும் பஞ்சில் தேனும் தண்ணீரும் சரிபாதி, அதில் வைட்டமின் ஈ மாத்திரை உடைத்துவிட்டது, தினம் புதிதாக. தேன் என்ற பெயரில் வெல்லப்பாகு ஊற்றுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: பேசின் சூடு, புளித்த வாடை, பூஞ்சணம்

ஐப்பசி கார்த்திகை மழைக்கால நோய் இது. கையை நடுவில் விடுங்கள். வளர்ந்த புழுக்கூட்டம் தானே கொஞ்சம் சூடு தரும், அது இயல்பு. கை பொறுக்காத சூடும் கட்டியும் இருந்தால் தீனி ஈரமாகப் போயிருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் தெளித்த பிறகு நிழலில் உலர்த்தினீர்களா? கம்பு மூட்டை தரையில் இருந்ததா? சுவர் ஓதம் இறங்குகிறதா? ஆரம்ப நிலையில் கட்டியைக் கையால் மெல்ல உதிர்த்து, இரண்டு பேசினாகப் பிரித்து, காற்றோட்டத்தில் வையுங்கள். பச்சையோ கறுப்போ பூஞ்சணம் பரவியிருந்தால் அந்தப் பேசினை மூடியபடியே வெளியே எடுத்து அழித்துவிடுங்கள். கூடத்துக்குள் கிளறாதீர்கள்.

## அறிகுறி 7: புழு செத்துக் கிடக்கிறது

செத்த விதத்தைப் பார்த்தால்தான் வழி பிரியும். ஒரு டார்ச்சும் ஒரு கைலென்ஸும் போதும்.

### உடல் தளர்ந்து அசையாமல், நிறம் மாறாமல். மேலே சின்னக் கால் இல்லாப் புழுக்கள் ஒட்டியிருக்கின்றன

பிரக்கான் குளவி உள்ளே வந்துவிட்டது. தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு நாம் வளர்க்கும் அதே குளவி. கார்சிரா கூடத்தில் அது எதிரி. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வளர்க்கும் இடங்களில் தவறாமல் வருகிறது. காடாத் துணியில் ஓட்டை, ஜன்னல் வலையில் கிழிசல் தேடுங்கள். பிடித்த பேசினைப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போட்டு அழியுங்கள். பிரக்கான் அறையில் வேலை பார்த்தவர் அதே சட்டையோடு கார்சிரா அறைக்கு வரக் கூடாது.

### கறுத்து, கொழகொழவென்று, நாற்றம்

பாக்டீரியாவோ வைரஸோ. ஒரு பேசின் என்றால் அழித்துவிட்டு, அலமாரியைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். மூன்று நான்கு பேசினுக்குப் பரவியிருந்தால் உற்பத்தியை நிறுத்திவிட்டு வல்லுநரைக் கூப்பிடுங்கள். அட்டை கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால் வேறு கூடத்தில் வாங்கிக் கொடுங்கள். நோய்ப்பட்ட வளர்ப்பை இழுத்துப் பிடிப்பதில் போகும் பணம் அதைவிட அதிகம்.

### வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல விறைத்து

பிவேரியா. அறிகுறி 1-ல் சொன்ன குவளைக் கதையைப் படியுங்கள்.

### ஊசிமுனை போல் ஊர்கிறது; முட்டையெல்லாம் வற்றிப்போயிருக்கிறது

சிலந்திப்பேன் வகை. கந்தகத் தூள் விட்டுப்போனதா பாருங்கள். தரையில் சிந்திய கம்பைத் தினமும் பெருக்கி வெளியே போடுங்கள். கம்பில் செம்பழுப்பு மாவு வண்டும் தெரிந்தால் சூடாக்கும் கட்டம் அரைகுறையாக நடந்திருக்கிறது.

## அறிகுறி 8: கூடத்தில் வேலை செய்பவருக்கு இருமல், மூச்சிரைப்பு, கண் அரிப்பு

தீனிக் கோளாறு இல்லை என்றாலும் இதை விட்டுவிட மனம் வரவில்லை. அந்தின் செதில் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகிறது. அந்து பொறுக்குவதும் முட்டை சலிப்பதும் பெரும்பாலும் பெண்கள். "தூசிதான், சரியாப் போயிடும்" என்று வருடக்கணக்கில் இருமிக்கொண்டே செய்கிறார்கள். முகக்கவசம் போட்டுத்தான் சலிக்க வேண்டும். துணி முகக்கவசத்தைவிட மூக்கில் ஒட்டி நிற்கும் வடிகட்டி வகை நல்லது. சலிக்கும் இடத்தில் வெளியே தள்ளும் விசிறி வையுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். லீவு நாளில் இருமல் குறைந்து, வேலைக்கு வந்தால் திரும்பினால் அது தூசி ஒவ்வாமை. இரவில் மூச்சிரைத்து எழுந்தால் மறுநாளே மருத்துவரிடம் அனுப்புங்கள், என்ன வேலை செய்கிறார் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து. அவருக்கு அட்டை ஒட்டும் வேலையோ கணக்கு நோட்டோ கொடுக்கலாம். அந்து அறைக்குத் திரும்ப அனுப்ப வேண்டாம்.